கவிதைக்குள் தொலைந்த ஆடு

கோடை வந்தால் போதும், ஸ்கார்டேல் பள்ளத்தாக்கில் நாய்களுக்குக் குரைத்துக் குரைத்தே தொண்டை கட்டிவிடும். அத்தனை வெளியூர்க்காரர்கள்! சாரட்டு வண்டியில் வந்து இறங்குவார்கள். கையில் சின்னதாக ஒரு புத்தகம், கக்கத்தில் ஒரு குடை, கண்ணில் எந்நேரமும் தயாராக நாலு சொட்டுத் தண்ணீர். எங்கள் கல்சுவர்களைப் பார்த்து உருகுவார்கள். கல்சுவரைப் பார்த்து உருக என்ன இருக்கிறது? அதைக் கட்டினவன் முதுகைப் பார்த்து உருகினாலாவது நியாயம் உண்டு. எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அந்தப் பனிக்குட்டி மேய்ப்பன் வீடு எது?"

நாங்களும் கையைக் காட்டிவிடுவோம். ஓடை திரும்பும் இடத்தில், பெரிய மரத்துக்குப் பின்னால், புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்த வீடு. லான்டி பர்க்கெட் இருந்த வீடு.

லான்டி எங்களில் ஒருவன். தாத்தன் காலத்திலிருந்து அதே வீடு, அதே மேய்ச்சல், அதே காதுக்குறி. இங்கே ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதில் ஒரு வெட்டு உண்டு. பர்க்கெட் வீட்டு ஆடென்றால் இடது காது நுனியில் பிளவு. பக்கத்து ஃபிளெமிங் வீட்டு ஆடென்றால் வலது காதின் கீழே அரை வட்டம். பெற்ற பிள்ளையின் பேரை மறந்தாலும் மறப்போம், குறியை மறக்கமாட்டோம். மலைக்கு ஏது வேலி? ஒருவன் ஆடு இன்னொருவன் மந்தையில் கலந்துதான் தீரும். அப்படிக் கலந்ததை மேய்ப்பர் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, பட்டிக்குள் நின்று, எல்லார் முன்னாலும் குறியைச் சொல்லி, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். இடையில் கம்பளி கத்தரித்திருந்தால் அதுவும் ஆட்டோடு வரவேண்டும். உரியவர் ஒரு குவளை பீர் ஊற்றுவார். கொண்டுவந்தவன் அதை மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும். குடித்தால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு. கொண்டுவராமல் வைத்துக்கொண்டவனுக்கு இங்கே ஒரே பேர்தான். அந்தப் பேரோடு இந்த மலையில் யாரும் குப்பை கொட்ட முடியாது.

லான்டி கெட்டிக்கார மேய்ப்பன். அதில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். நடந்ததை நடந்தபடி சொல்ல அவனுக்கு நாக்கு வளையாது. ஒரு பக்கம் கொஞ்சம் ஒட்டுவான், இன்னொரு பக்கம் கொஞ்சம் கத்தரிப்பான். அவன் பெண்டாட்டி பெட்டி, "யோவ், நீ சொல்ற கதையில நானும் இருந்தேன். ஆனா இதெல்லாம் நடந்ததா எனக்கு ஞாபகமே இல்லையே" என்பாள். எல்லாரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். அதுவரை அவன் வாயால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

ஆஷ்லின் எங்கள் ஊருக்குக் குடிவந்தபோது அவரைக் கவிஞர் என்று யார் கண்டது? சயரோகக்காரர் என்றுதான் நினைத்தோம். பிரிஸ்டல் பக்கத்துக் கயிறு வியாபாரி மகன். பிரான்சில் ராஜாவைக் கவிழ்த்தபோது, இதோ உலகம் விடிந்துவிட்டது என்று பாட்டு எழுதினவராம். அப்புறம் அங்கே தலைகள் உருள ஆரம்பித்ததும் வாயடைத்துப் போய், மனிதர்களே வேண்டாம், மலை போதும் என்று இங்கே வந்து சேர்ந்தாராம். ஓடைகளைப் பற்றி முதல் புத்தகம் போட்டார். வாங்குவார் இல்லை. பழைய மடத்தின் இடிபாட்டைப் பற்றி இரண்டாவது போட்டார். அதையும் வாங்குவார் இல்லை. ஆனாலும் மனிதர் அசரவில்லை. கோட்டுப் பையில் உலர்ந்த திராட்சையை நிரப்பிக்கொண்டு, மழையில் சொட்டச் சொட்ட நனைந்தபடி, முணுமுணுத்துக்கொண்டே மலையேறுவார். இயற்கை இயற்கை என்று உயிரை விடுவார். எதிரே ஒரு பசுமாடு வந்தால் சுவர்மேல் ஏறிவிடுவார்.

அப்படி ஒருநாள் சுவர்மேல் நின்றவரை இறக்கிவிட்டதுதான் லான்டிக்கும் அவருக்கும் பழக்கம்.

"இறங்குங்கய்யா. அது டைனா வீட்டுப் பசு. யாரையும் முட்டாது."

"என்னை ஒரு மாதிரியாப் பாக்குதே?"

"நீங்க பாடிக்கிட்டு வந்ததக் கேட்டிருக்கும். அதான்."

ஆஷ்லின் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர்தான், பாவம். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே மலையேறினார்கள். எங்களுக்கெல்லாம் லான்டியின் கதைகள் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டன. இவரோ ஒவ்வொன்றையும் வாய் பிளந்து கேட்டார். லான்டிக்குச் சொல்ல வேண்டுமா? காலையில் எழுந்ததும் நாயைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஆஷ்லின் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தான். அந்த மலையேற்றம் ஒன்றில்தான் பனிக்குட்டியின் கதையைச் சொன்னான். என்னென்ன சொன்னான், என்ன விட்டான் என்பது பிற்பாடு அவனுக்கே ஞாபகத்தில் இல்லை.

நடந்தது இதுதான். அது ஆஷ்லின் வருவதற்குப் பல வருடம் முந்தியது. லான்டியின் ஒரே மகள் நான்சி தொண்டையடைத்துச் செத்துப்போனாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பன் பின்னாலேயே மந்தைக்கு ஓடிய பிள்ளை. அவள் போனபிறகு பெட்டி வாயே திறக்கவில்லை. அடுத்த ஏப்ரலில், ஆடுகள் குட்டி போடும் நேரம் பார்த்து, யாரும் எதிர்பாராத பனி கொட்டியது. புயல் ஓய்ந்ததும் லான்டி நீளக் கம்பால் பனியைக் குத்திக் குத்தித் தன் ஆடுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் ஒரு தாய் ஆடு விறைத்துக் கிடந்தது. அதன் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி மட்டும் மூச்சுவிட்டது. தாயின் காதைத் தடவிப் பார்த்தான். வலது காது, அரை வட்டம். டைனா ஃபிளெமிங் வீட்டு ஆடு. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து கணப்பருகே கிடத்தினான். பெட்டி பாலைத் துணியில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். "குடிடி நான்சி, குடி" என்றாள். அத்தனை மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. லான்டி வெளியே போய் மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதான்.

டைனா ஏன் ஆட்டைத் தேடி வரவில்லை? அவள் புருஷன் டாம் வீட்டுக்குள் பிணமாகக் கிடந்தான். கணவாய் முழுக்கப் பனி. கல்லறைத் தோட்டத்துக்குப் பிணத்தைத் தூக்கிப் போக வழியில்லை. பாதை திறக்கும்வரை புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாமைப் புதைத்துவிட்டு வந்ததும் லான்டி போய் விஷயத்தைச் சொன்னான். டைனா வந்து பார்த்தாள். பெட்டியின் மடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப தூக்கிட்டுப் போயி நான் என்ன பண்ணப்போறேன், எனக்கு ஆளா இருக்கு? கூட்டம் வரைக்கும் இங்கயே கெடக்கட்டும் பெட்டி."

ஒரு குட்டியைப் பார்த்துக்கொள்ள எத்தனை ஆள் வேண்டும்? ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று எல்லாருக்கும் தெரியும். கோடைக் கூட்டத்தில் லான்டி அந்தக் குட்டியைக் கையில் ஏந்தி வந்து குறியைச் சொன்னான். டைனா வாங்கிக்கொண்டு பீர் ஊற்றினாள். பெட்டியும் அதற்குள் தேறி, பேச ஆரம்பித்திருந்தாள். அவ்வளவுதான் கதை.

ஆஷ்லினின் மூன்றாவது புத்தகத்தில் அது கவிதையாக வந்தது. அந்தப் புத்தகம் லண்டனைக் கலக்கிவிட்டதாம். சீமாட்டிகள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்களாம். லான்டிக்குப் படிக்கத் தெரியாது. பாதிரியார்தான் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்.

கவிதையில் ஒரு மேய்ப்பன் பனியில் குட்டியைக் கண்டெடுக்கிறான். அதற்குச் சொந்தக்காரி, பக்கத்து வீட்டுக் கல்நெஞ்சுக்காரி, கணப்பில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். எத்தனை செத்தால் என்ன என்கிறாள். மேய்ப்பன் குட்டிக்கு இறந்த மகளின் பேரை வைக்கிறான். அது அவனை விட்டுப் போகவே இல்லை. ஆண்டுகள் ஓடுகின்றன. கடைசியில் அவன் கல்லறையின்மேல் அது வந்து படுத்துக்கொள்கிறது.

லான்டி தொப்பியை முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். மகள் பேர் புத்தகத்தில் இருக்கிறது! அப்புறம் தொப்பியை எடுத்தான்.

"ஆனா பாதிரியாரே, நான் குட்டியத் திருப்பிக் குடுத்துட்டேனே?"

"கவிதையில அப்படி இப்படித்தான் இருக்கும் லான்டி. உன்னைப் பெருமைப்படுத்தத்தானே எழுதியிருக்கார்?"

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரி…"

"அது சும்மா கற்பனை. அப்படி யாரு இருக்கா?"

லான்டிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. போதுமானதாக இருக்கட்டும் என்று அவனே வைத்துக்கொண்டான். நினைத்துப் பார்த்தால் எங்களுக்கே நெஞ்சு குறுகுறுக்கிறது. நாங்களும் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கோடையிலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்களிடம் லான்டி உள்ளதைத்தான் சொன்னான். "கூட்டத்துல குடுத்துட்டேங்க" என்றான். ஊதாத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் முகம் வாடிப்போய்ப் புத்தகத்தை மூடினாள். "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். இருமல் வந்தவள்போல் வெளியே போய்விட்டாள். லான்டிக்கு யாரோ செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. கதை சொல்லி ஒருத்தர் முகம் வாடி அவன் பார்த்ததே இல்லை.

அடுத்து வந்தவர்களிடம் குட்டியைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. அதற்கடுத்து வந்தவர்கள், "அந்தப் பக்கத்து வீட்டுக்காரி?" என்று கேட்டபோது, பெருமூச்சு விட்டான். அதற்கும் அடுத்து வந்தவர்களிடம், அவர்கள் கேட்பதற்கு முன்பே, அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த விதத்தை உட்கார்ந்தே காட்டினான். அழுதார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெரியவர் கணப்பருகே மண்டியிட்டு, குட்டி கிடந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பெட்டி சாரட்டுச் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போய்விடுவாள்.

"டைனா காதுல விழுந்தா என்னய்யா பண்ணுவ?"

"அவ என்ன லண்டனுக்கா போறா? பேரா சொல்றேன்? கவிதையில உள்ளதத்தான் சொல்றேன்."

"நம்ம வீட்டுக்கு எத்தன பக்கத்து வீடு இருக்கு? ஒண்ணுதானே?"

லான்டி செருப்பைத் தேடினான்.

வருடங்கள் இப்படியே போயின. ஆஷ்லினுக்குப் புகழ் ஏற ஏறத் தொப்பையும் ஏறியது. எங்கள் ஊர்க் குடிசையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் பெரிய வீட்டுக்குப் போய்விட்டார். ராஜாவைக் கவிழ்க்கப் பாட்டெழுதினவர் இப்போது ராஜகுமாரனின் பிறந்தநாளுக்கு எழுதினார் என்று கேள்வி. அதைப் பற்றி நாங்கள் என்ன சொல்வது? குளிருக்குக் கம்பளி வேண்டும்தானே.

பிறகு அந்தக் கோடைக் கூட்டம் வந்தது. கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் உள்ள அத்தனை ஆட்டுக்காரர்களும் மேல்பட்டியில் கூடியிருந்தார்கள். பழைய பெரியவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் போயிருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவன் ஜாஸ் வில்சன், கணவாய்க்கு அப்பாலிருந்து வந்தவன். டைனா வழக்கம்போலத் தன் ஆடுகளோடு தானே வந்திருந்தாள். டாம் போனதிலிருந்து அவள்தான் மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. மான்செஸ்டர்க்காரக் கனவான் ஒருவர், முந்தின நாள் லான்டி வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர், மூச்சிரைக்க மலையேறி வந்து சேர்ந்தார். லான்டியைக் கண்டதும் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா? உங்க நடுவுல எப்பேர்ப்பட்ட மனுஷன் இருக்காரு! பனியில கெடச்ச குட்டிய மகளா நெனச்சுக் கடைசி வரைக்கும் வீட்டுலயே வச்சிருந்தவரு!"

பட்டியில் சத்தம் அடங்கியது. ஆடுகள் மட்டும் கத்தின.

ஜாஸ் பிடித்திருந்த ஆட்டின் காதை விட்டான். "வச்சிருந்தானா? யாரு குறி?"

"என்னடா லான்டி?" என்று இன்னொருவன். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டை வைத்துக்கொண்டவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது லான்டிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. வாயைத் திறந்தான். "இல்ல" என்றால் இந்தக் கனவான் முன்னால் பொய்யன். "ஆமா" என்றால் ஊர் முன்னால் திருடன். நீளமான அந்த வாய்க்கு அப்போது ஒரு சொல் கிடைக்கவில்லை.

டைனாதான் பேசினாள். பட்டியின் அந்தக் கோடியிலிருந்து, ஆட்டை விடாமலே பேசினாள்.

"என் குறி ஜாஸ். அந்த வருஷமே கூட்டத்துக்குத் தூக்கிட்டு வந்து குடுத்தான். நான் வாங்கிக்கிட்டு பீர் ஊத்துனேன். அது என் வீட்டுலதான் ஈன்னு ஈன்னு கெழடாகிச் செத்துச்சு. லான்டி யாரு ஆட்டையும் வச்சுக்கிறவன் இல்ல."

அவ்வளவுதான், எல்லார் தோளும் இறங்கின. யாரோ லான்டியின் முதுகில் தட்டினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அந்தக் கனவான் சும்மா இருந்தால்தானே! கவிதையில் வந்த இன்னொரு ஆளையும் நேரில் பார்த்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. முகம் மலர்ந்து டைனா பக்கம் போனார்.

"அட, அப்ப அந்தக் கல்நெஞ்சுக்காரி நீங்கதானா அம்மா! என் வீட்டுக்காரி நம்பவே மாட்டா! நேத்துதான் லான்டி உக்காந்து காட்டினாரு, குட்டி பனியில கெடக்க நீங்க எப்படிக் கணப்பு முன்னாடி உக்காந்திருந்தீங்கன்னு!"

டாமின் பிணத்தைக் கணவாய் தாண்டித் தூக்கிப் போனவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் உயிரோடு அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். டைனா கனவானைப் பார்க்கவில்லை. லான்டியைத்தான் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. தன்னைக் காப்பாற்றியவளுக்காக ஒரு வார்த்தை! சொல்லவில்லை. கையிலிருந்த ஆட்டின் காதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமாங்க" என்றாள் டைனா. "உக்காந்துதான் இருந்தேன்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு, சாப்பிடாமல், கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அன்று பெட்டி என்ன நடந்தது என்று கேட்கவில்லை, ஊர் சொல்லியிருந்தது. சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"போய்ப் பாத்தியா அவள?"

"என்னன்னு சொல்றது?"

"உனக்கா சொல்லத் தெரியாது? மான்செஸ்டர்க்காரனுக்குச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல?"

லான்டி டைனா வீட்டு வாசற்படி வரைக்கும் போவான், திரும்பிவிடுவான். அவள் சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. கம்பளி கத்தரிக்கும் நாளன்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும், அது முறை. டைனா வந்தாள். மற்றவர்களோடு உட்கார்ந்து பர்க்கெட் வீட்டு ஆடுகளைக் கத்தரித்தாள். "அந்தக் கத்தரியக் குடு" என்று ஒருதரம் கேட்டாள். வேலை முடிந்ததும் எழுந்து போனாள். அன்று லான்டி கத்தரித்த ஆடெல்லாம் தோல் கீறி ரத்தம் வந்தது.

கடைசியில் ஏரிக்கரைக்கு நடந்தான். ஆஷ்லினிடம் சொல்லி அந்த வரிகளை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். பெரிய வீட்டில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிப்போய் உட்கார்ந்திருந்தார் கவிஞர். தன் எல்லாக் கவிதைகளையும் ஒரே புத்தகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். லான்டியின் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, பையிலிருந்து திராட்சையை எடுத்து நீட்டினார்.

லான்டி திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"டைனாவா?" என்றார் ஆஷ்லின். "அது யாரு?"

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? எங்க ஊருல இருந்த வரைக்கும் அவ வீட்டு வெண்ணெயத்தானே தின்னீங்க? கதவுல கொண்டாந்து வச்சுட்டுப் போவாளே. அவ பசுவப் பாத்துத்தான சுவரேறுனீங்க?"

பசு ஆஷ்லினுக்கு ஞாபகமிருந்தது. வெண்ணெயும் ஞாபகமிருந்தது. முகம்தான் எட்டவில்லை.

"எனக்கு வெக்கமா இருக்கு லான்டி" என்றார். "ஆனா அந்த வரிய எடுத்துட்டா கவிதையே இல்ல. அவ கல்நெஞ்சா இருந்தாத்தான் நீங்க குட்டிய வச்சுக்கறதுக்கு நியாயம் வரும். பிள்ளைய எழந்த ஒரு தாய் என்னைத் தேடி இங்க வந்தா. அந்தக் கவிதையாலதான் தூங்கினேன்னு சொன்னா. அவகிட்ட நான் இப்ப போயி என்ன சொல்லட்டும்?"

லான்டிக்குக் கோபம் வந்தது. "அதுக்காக? இல்லாத ஒண்ண எப்படிய்யா எழுதுனீங்க? எங்கேந்து வந்துச்சு உங்களுக்கு அது?"

கவிஞர் மங்கிய கண்ணை அவன் பக்கம் திருப்பினார். குரலில் குத்தல் இல்லை. நினைவுபடுத்திக்கொள்கிறவர்போல மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதான் சொன்னீங்க லான்டி. சுவர்மேல உக்காந்து, ஓட்ஸ் ரொட்டி தின்னுக்கிட்டே. 'பக்கத்து வீட்டு ஆடுதாங்க, ஒருத்தரும் தேடி வரல'ன்னு."

லான்டிக்கு அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. காற்று, ரொட்டி, வாய் பிளந்து கேட்ட அந்த முகம். கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் டாமின் பிணத்தைக் கொண்டுவந்தால் குட்டி மறந்துபோகும், டைனா விட்டுக்கொடுத்ததைச் சொன்னால் தான் மறந்துபோவோம். அதனால் இரண்டையும் கத்தரித்துவிட்டான். வேறு யாரும் செய்யவில்லை. திராட்சையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். வீடு வரும்வரை நிமிர்ந்து நடக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஆஷ்லின் இறந்துபோனார். பெரிய மனிதர்களெல்லாம் வந்து அடக்கம் செய்தார்கள். புத்தகம் அப்படியே வந்தது. வசந்தத்தில் முன்னைவிட அதிகமாகச் சாரட்டுகள் வந்தன. லான்டி இப்போது ஒவ்வொருவரிடமும் உள்ளதைச் சொன்னான்: டாமைச் சொன்னான், பெட்டி மடியைச் சொன்னான், டைனா விட்டுவிட்டுப் போனதைச் சொன்னான். கேட்டவர்கள் கனிவோடு தலையாட்டினார்கள். வெளியே போய், "பாவம், வயசாயிடுச்சு. நடந்தத மறந்துட்டாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர என்ன செய்ய முடியும்! லண்டனுக்குப் போய்விட்டதை இனி ஓட்டி வர முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

அடுத்த கோடைக் கூட்டம். கலந்த ஆடுகளையெல்லாம் ஒப்படைத்து முடித்தாயிற்று. வழக்கப்படி ஜாஸ் உரக்கக் கேட்டான்: "வேற யாருகிட்டயாவது வேத்துக்குறி ஆடு இருக்கா?"

"இருக்கு" என்று லான்டி பட்டிக்குள் இறங்கினான். கையில் ஆடில்லை, கயிறில்லை.

"ஆடு எங்கடா? அதையும் கவிதைக்குள்ள உட்டுட்டியா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். லான்டி தொப்பியைக் கழற்றினான். சிரிப்பு நின்றது.

"குறி சொல்றேன். வலது காது, அரை வட்டம். ஃபிளெமிங் வீட்டுது. ஆடு இல்ல. டைனாவோட நல்ல பேரு. எங்கிட்டதான் இருந்துச்சு. டாம் பொணமாக் கெடந்த வீட்டுல உக்காந்திருந்தவள, தேடி வரலன்னு சொன்னது நாந்தான். கவிஞர் இல்ல. குட்டிய எங்க பெட்டி மடியில விட்டுட்டுப் போனவ அவ. அதச் சொல்லாம விட்டதும் நாந்தான். போன வருஷம் என்னக் காப்பாத்துனா, நான் ஆட்டுக் காதப் பாத்துக்கிட்டு நின்னேன். உரியவங்ககிட்ட ஒப்படைக்கிறேன்."

டைனா எழுந்து பட்டிக்கு வந்தாள். சரி, முடிந்தது, கையைப் பிடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வெளியூர்க்காரர்களைச் சொல்வானேன், நமக்கும் அழுகிற முடிவென்றால் ஆசைதான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆடு வந்துருச்சு லான்டி" என்றாள். "இத்தன வருஷக் கம்பளி எங்க?"

கையைப் பிடித்துக் குலுக்கினவர்கள், கணப்பருகே மண்டியிட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்கள், அவர்கள் முன்னால் அவன் உட்கார்ந்து காட்டிய அத்தனை தடவைகள். எல்லாம் அவள் பேரிலிருந்து அவன் கத்தரித்து எடுத்துக்கொண்ட கம்பளிதான். எதை அள்ளிக் கொடுப்பான்?

"இல்ல டைனா" என்றான். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

டைனா தலையசைத்தாள். முறை முறைதான். ஜாடியை எடுத்துக் குவளையை விளிம்புவரை நிரப்பினாள். அவன் கையில் கொடுக்கவில்லை. சுவர்மேல் வைத்துவிட்டுத் தன் ஆடுகளிடம் போனாள். லான்டி அதை எடுத்தான். குடிக்காவிட்டால் ஒப்படைத்ததாகக் கணக்கில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நடுப்பட்டியில் நின்றபடி, மிச்சம் வைக்காமல் குடித்தான்.